முதுகலை, ஆய்வுப் படிப்புக்குப் போகிற குமரி மாவட்ட மாணவர்கள் கேட்கும் போக்குவரத்துக் கேள்விகள்

பட்டப்படிப்பு ரிசல்ட் வந்ததும் பிஜி சேர்க்கைக்கு அலையத் தொடங்குகிற பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பதில் பாதி, பாடத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. எந்த ரயில், எந்த பஸ், சீசன் எடுக்கலாமா, பைக் கொண்டு போகலாமா என்பதுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். ரயில், பஸ் நேரங்கள் அடிக்கடி மாறும் என்பதால் நேர அட்டவணை தரவில்லை. கணக்குப் போடும் முறையும் விதிகளும்தான் இங்கே இருக்கின்றன.

1. பிஜி சேரப் போறேன். போக்குவரத்தைப் பத்தி எப்போ யோசிக்கத் தொடங்கணும்?

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால். பணம் கட்டிய பிறகு யோசித்தால் ஜூலை மாதம் முழுவதும் தவிப்புதான். ஒரு தாளில் நான்கு நேரங்களை எழுதுங்கள்: வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கோ ரயில் நிலையத்துக்கோ போகிற நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், பெரிய பயணத்தின் நேரம், இறங்கிய இடத்திலிருந்து வகுப்பறை வரைக்குமான நேரம். நம் ஆட்கள் மூன்றாவதை மட்டும் எண்ணிவிட்டு, "நாகர்கோவில்ல ஏறினா ஒன்றரை மணி நேரத்துல திருநெல்வேலி" என்கிறார்கள். பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வரும் நேரமும், திருநெல்வேலியில் இறங்கிப் பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டிக்குப் போகும் நேரமும் அந்தக் கணக்கில் இல்லை.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. சாயங்காலம் உங்கள் ஊருக்குள் போகும் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? காலையில் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம், திட்டம் உடைவது பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான். நாகர்கோவிலுக்கு ராத்திரி எட்டரைக்கு வந்து சேர்ந்தாலும் அண்ணா பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஊர் பஸ் போய்விட்டிருந்தால், மிச்ச தூரத்துக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அன்றைய மொத்தப் பயணச் செலவையும் தாண்டிவிடும்.

2. தினமும் போய்வர எவ்வளவு நேரம் வரை தாங்கும்? ஹாஸ்டல் எடுத்தே ஆகணுமா?

வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் தமிழ், ஆங்கிலம், வரலாறு, வணிகவியல் போன்ற பாடங்களுக்குத் தாங்கும். வேதியியல், உயிரியல், இயற்பியல் போல ஆய்வகம் உள்ளவற்றுக்கு ஒன்றரை மணி நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வக வேலை நாலு மணிக்கு முடியும் என்று அட்டவணையில் இருக்கும், ஆனால் சோதனை பாதியில் நிற்கும்போது யாரும் எழுந்து வர முடியாது.

ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து மணி நேரம் பயணம் என்றால், 22 வேலைநாட்களுக்கு 110 மணி நேரம் போகிறது. அதில் உட்கார்ந்து படிக்க முடிகிற நேரம் எவ்வளவு என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் புறப்படும் ரயிலில் நாகர்கோவில்காரருக்கு இடம் கிடைக்கும். அதே ரயிலில் குழித்துறையில் ஏறுகிறவர் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போவார். ஹாஸ்டல் கட்டணத்தைச் சீசன் டிக்கெட் விலையோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாது, இந்த 110 மணி நேரத்தையும் தட்டில் வையுங்கள்.

3. எனக்க வீடு மார்த்தாண்டத்துக்கு மேற்கே. நெல்லையா, திருவனந்தபுரமா, எது வசதி?

தினமும் போய்வர வேண்டும் என்றால் திருவனந்தபுரம். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர். திருநெல்வேலிக்கு நாகர்கோவில் வழியாக மொத்தம் சுமார் 110 கிலோமீட்டர் போக வேண்டும். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களுக்கு இதுதான் பொதுக்கணக்கு. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் உள்ளவர்கள் குழித்துறைக்குத் திரும்பி வராமல், எல்லைக்கு அப்பால் உள்ள பாறசாலை நிலையத்தில் ஏறுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தோவாளை வட்டத்துக்கு, அதாவது ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி பக்கத்துக்கு, நெல்லைதான் கிட்டம். நடுவில் இருக்கிற கல்குளம், அகஸ்தீஸ்வரம்காரர்கள் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதோடு மாவட்டத்துக்குள்ளேயே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று முதுகலை நடத்தும் கல்லூரிகள் இருப்பதை மறக்க வேண்டாம். உங்கள் பாடம் இங்கே இருந்தால், பல்கலைக்கழக வளாகம் என்ற பெயருக்காக மட்டும் தினமும் நான்கு மணி நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

4. அபிஷேகப்பட்டிக்கு, அதான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு, எப்படிப் போகணும்?

பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலி நகரத்துக்குள் அல்ல. பேட்டையைத் தாண்டி, ஆலங்குளம் வழியாகத் தென்காசி போகும் ரோட்டில் இருக்கிறது. ரயிலில் போனால் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, அந்த ரோட்டில் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் போனால் வடசேரியில் ஏறி வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறலாம். இரண்டிலும் இந்தக் கடைசித் துண்டுக்குக் காத்திருப்போடு சேர்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தென்காசி பஸ் எல்லாமே அபிஷேகப்பட்டியில் நிற்கும் என்று எண்ணி ஏறக் கூடாது, கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வடசேரியிலிருந்து போகும் எண்ட் டு எண்ட் பஸ் வேகமாகப் போகும். ஆனால் ஆரல்வாய்மொழி, பணகுடி, வள்ளியூர் என்று வழியில் நிற்காது. ஆரல்வாய்மொழிக்காரர் அதை நம்பித் திட்டம் போட்டால், கிழக்கே போவதற்காக முதலில் மேற்கே நாகர்கோவிலுக்கு வர வேண்டியிருக்கும். அவர்களுக்கு வழியில் நின்று போகும் பஸ்தான் சரி.

சேருவதற்கு முன் ஒரு திங்கள்கிழமை காலையில் இந்த வழியை முழுக்க ஒருமுறை போய்ப் பாருங்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்கும் ஹாஸ்டலுக்கும் திரும்புகிற கூட்டம் அன்றுதான் உச்சம். அன்று தாங்கினால் மற்ற நாட்களும் தாங்கும்.

5. காரியவட்டம் கேம்பஸ் திருவனந்தபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கமா?

பக்கம் இல்லை. கேரளப் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் பாளையத்தில், நகரத்தின் நடுவில் இருக்கிறது. ஆனால் பல துறைகள் இயங்குவது காரியவட்டத்தில். அது நகரத்துக்கு வடக்கே, கழக்கூட்டத்துக்குச் சற்று முன்னால். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே தம்பானூர் பஸ் நிலையம். அங்கிருந்து ஸ்ரீகார்யம் வழியாகக் கழக்கூட்டம் போகும் பஸ் காரியவட்டத்தைத் தொட்டுப் போகும். காலை நெரிசலில் இதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். நீங்கள் வரும் ரயில் கழக்கூட்டத்தில் நிற்குமானால் அங்கேயே இறங்கித் திரும்பி வருவது மேல்.

குலசேகரத்திலிருந்து இந்த வழியைக் கூட்டிப் பாருங்கள்: மார்த்தாண்டம் வரை பஸ், அங்கிருந்து குழித்துறை ஸ்டேஷனுக்கு ஆட்டோ, பிறகு ரயில், கடைசியாகத் தம்பானூர் பஸ். எல்லாம் சேர்ந்து காத்திருப்போடு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டாம் கேள்வியில் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டதால் இது தினமும் போய்வரும் வழியல்ல. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகிற வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் தாமதத்துக்கும் இடம் விடுங்கள். நாகர்கோவில் திருவனந்தபுரம் தடத்தில் இரட்டைப் பாதை வேலை முடியாத பகுதிகளில், எதிரே வரும் ரயிலுக்காகக் கிராசிங்கில் நிற்க வேண்டி வரும். ஒன்பதரை வகுப்புக்கு ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேரும் ரயிலை நம்பாதீர்கள்.

6. டிக்கெட்டில் நாகர்கோவில் டவுன்னு போட்டிருக்கு. ஜங்ஷனும் அதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு வேறு நிலையங்கள். ஜங்ஷன் கோட்டாறில் இருக்கிறது, டவுன் நிலையம் வடசேரிப் பக்கம். நெல்லைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓடும் சில ரயில்கள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். ஜங்ஷனில் நின்றுகொண்டு அந்த ரயிலை எதிர்பார்த்துப் பலன் இல்லை. பைக்கை எந்த ஸ்டேஷனில் நிறுத்துகிறீர்களோ, சாயங்காலம் திரும்பும் ரயிலும் அதே ஸ்டேஷனுக்குத்தான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பக்கமும் இதே குழப்பம் உண்டு. 2024-இல் கொச்சுவேளி நிலையத்துக்குத் திருவனந்தபுரம் நார்த் என்றும் நேமத்துக்குத் திருவனந்தபுரம் சவுத் என்றும் பெயர் மாற்றினார்கள். சென்ட்ரல் என்று நினைத்து நார்த்தில் போய் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரியவட்டம் போகிறவருக்கு அதில் நஷ்டம் இல்லை, பாளையம் போகிறவருக்கு நஷ்டம். இங்கே குழித்துறை, குழித்துறை மேற்கு என்று இரண்டு இருப்பதும் நினைவிருக்கட்டும். மேற்கில் எக்ஸ்பிரஸ் நிற்காது.

7. சீசன் டிக்கெட் எப்படி எடுக்கணும்? மாணவர் சலுகை உண்டா?

150 கிலோமீட்டர் வரை சீசன் கிடைக்கும் என்பதால் நாகர்கோவிலிலிருந்து நெல்லையும் திருவனந்தபுரமும் தாராளமாக அதற்குள் வரும். ஒரு மாதச் சீசன், மூன்று மாதச் சீசன் இரண்டும் உண்டு. மூன்று தனி மாதங்களுக்குக் கொடுப்பதைவிட மூன்று மாதச் சீசன் மலிவு. மாணவருக்குச் சீசன் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. வயது வரம்பு பொதுவாக 25, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 27.

சலுகைச் சீசனைச் செல்போன் செயலியில் எடுக்க முடியாது, கவுண்டருக்குத்தான் போக வேண்டும். அதற்குக் கல்வி நிலையத்தின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சலுகைப் படிவம் வேண்டும். அந்தப் படிவத்தை ரயில்வேதான் கல்வி நிலையங்களுக்குப் புத்தகமாக வழங்குகிறது. அலுவலகத்தில் புத்தகம் தீர்ந்து போயிருந்தால் புதிது வரும் வரை நீங்கள் முழுக் கட்டணத்தில்தான் போக வேண்டும். ஆகவே சேர்க்கை நாளன்றே "ரயில் கன்செஷன் படிவம் இருக்கிறதா, யார் தருவார்கள்" என்று கேட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. சீசனை வாங்கிவிட்டு விடுமுறை விட்டால் பணம் திரும்பக் கிடைக்காது. ஐந்து மாத செமஸ்டருக்கு ஒரு மூன்று மாதச் சீசன், பிறகு ஒரு மாதச் சீசன் என்று எடுத்து, படிப்பு விடுமுறை தொடங்கும் மாதத்துக்குத் தனி டிக்கெட்டில் போவதுதான் பலருக்கும் லாபமாக வரும். சீசனை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் போன்ற முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் அபராதம். பகலில் சீசன்காரர்களை அனுமதிக்கும் டி.ஆர். பெட்டிகள் சில ரயில்களில் உண்டு, அவற்றில் மட்டும் ஏறலாம். சூப்பர்பாஸ்ட் ரயிலுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். வந்தே பாரத்தில் சீசன் செல்லவே செல்லாது.

8. மகள் பி.எஸ்சி. படிக்கும்போது ரயில் சீசன் ஃப்ரீயா கிடைச்சுது. எம்.எஸ்சி.க்கும் கிடைக்கும்தானே?

கிடைக்காது. மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும்தான் இரண்டாம் வகுப்புச் சீசன் இலவசம். முதுகலையில் சேர்ந்ததும் ஏழாம் கேள்வியில் சொன்ன பாதிச் சலுகைக்கு மாறிவிடுவார். பட்டப்படிப்பில் ஒரு ரூபாய் செலவில்லாமல் போய்வந்த பிள்ளைகளின் வீட்டில் இந்தச் செலவு எதிர்பாராமல் வந்து நிற்கிறது. வீட்டுக் கணக்கில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

9. எனக்கு 28 வயசு. மூணு வருஷம் வேலை பார்த்துட்டு பிஎச்.டி. சேர்றேன். எனக்குச் சலுகை ஒண்ணும் இல்லையா?

ஆய்வு மாணவருக்கு 35 வயது வரை தனிச் சலுகை உண்டு. ஆய்வு தொடர்பான பயணத்துக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50 சதவீதம் தள்ளுபடி. மதுரையில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கோ சென்னையில் ஒரு நூலகத்துக்கோ போகும்போது இது உதவும். பயணம் ஆய்வுக்கானது என்று கல்வி நிலையம் படிவத்தில் சான்றளிக்க வேண்டும்.

ஆனால் 28 வயதில் முதுகலை சேர்கிறவருக்கு இந்த 35 வரம்பு பொருந்தாது. அது ஆய்வு மாணவருக்கு மட்டும். முதுகலைக்காரர் முழுக் கட்டணச் சீசன் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

10. பொம்பளப் பிள்ளைகளுக்கு பஸ்ஸே இலவசம்தானே, பிறகு எதுக்கு ரயில்?

விடியல் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்களுக்கு மட்டும் உரியது. வடசேரியிலிருந்து திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும் பஸ், எக்ஸ்பிரஸ், எண்ட் டு எண்ட், எஸ்.இ.டி.சி. எதிலும் இது கிடையாது. கேரள அரசு பஸ்ஸில் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் பயன் பெரிது. ஊரிலிருந்து வடசேரிக்கோ கோட்டாறுக்கோ மார்த்தாண்டத்துக்கோ வருகிற முதல் துண்டு பெரும்பாலும் டவுன் பஸ்தான். அந்தத் துண்டு இலவசம், பெரிய துண்டுக்குச் சலுகைச் சீசன் என்று இரண்டையும் சேர்த்தால் செலவு நன்றாகக் குறையும். இலவசம் என்றாலும் கண்டக்டர் தரும் டிக்கெட்டை இறங்கும் வரை கையில் வைத்திருங்கள்.

11. கவர்ன்மென்ட் காலேஜுக்கு ஃப்ரீ பஸ் பாஸ் உண்டாமே?

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கான இலவசப் பயண அட்டையை நீங்கள் நேராகப் போக்குவரத்துக் கழகத்தில் போய் வாங்க முடியாது. கல்லூரி பட்டியல் எடுத்து அனுப்பும், அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதும் ஏறும் இடமும் இறங்கும் இடமும் அட்டையில் பதியும். அதில் உங்கள் ஊர் நிறுத்தத்தைத் தெளிவாக எழுதுங்கள். மாமா வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வீட்டு நிறுத்தத்தைத்தான் எழுத வேண்டும்.

12. சொந்தமா பைக் இருக்கு. நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு தினமும் பைக்கிலேயே போயிரலாமே?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். கணக்கைப் பாருங்கள். போக வர 160 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு நாளைக்கு 3.2 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே நாளுக்கு 320, மாதம் 22 நாளுக்கு 7,000 ரூபாய். மாதம் 3,500 கிலோமீட்டர் ஓடுவதால் என்ஜின் ஆயில் மாதாமாதம் மாற்ற வேண்டும், டயரும் செயினும் சீக்கிரம் தேயும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக, முப்பந்தல் பக்கம், ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்று சாதாரணமானதல்ல. அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். நான்குவழிச் சாலையில் ஒரு லாரியை ஒட்டிப் போகும்போது காற்று மறைந்திருக்கும். லாரியைத் தாண்டிய அந்த நொடியில் பக்கவாட்டில் வந்து மோதும், பைக் ஒரு தடம் விலகிப் போகும். வகுப்புகள் தொடங்குகிற மாதங்களும் இதே மாதங்கள்தான்.

பைக்கை வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை பயன்படுத்துங்கள். நிறுத்துமிடத்தில் மாதப் பாஸ் போட்டுவிட்டால் தினச் செலவு குறையும். குழித்துறை ஸ்டேஷன் மார்த்தாண்டத்திலிருந்து தள்ளி இருப்பதால், தினமும் ஆட்டோவுக்குக் கொடுப்பதை அந்தப் பாஸ் மிச்சப்படுத்தும்.

13. லைசென்ஸ் இன்னும் எடுக்கல்ல. காலேஜ் சேர்ந்த பிறகு எடுத்தா போதாதா?

சேருவதற்கு முன்னால், பட்டப்படிப்பின் கடைசி செமஸ்டரிலேயே எல்.எல்.ஆர். போட்டுவிடுங்கள். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். ஜூலையில் சென்னைக்கோ கோவைக்கோ போய்விட்டால் தேர்வு நாளுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வர வேண்டியிருக்கும். கிழக்குப் பக்கத்துக்கு நாகர்கோவில் ஆர்.டி.ஓ., டி.என். 74. மேற்குப் பக்கத்துக்கு மார்த்தாண்டம், டி.என். 75.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய், ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. அபராதத்தைவிட விபத்து நேரும்போதுதான் நிலைமை மோசம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டி என்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டுத் தொகையை வீட்டாரிடமே திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது.

வண்டி வாங்கப் பணம் இல்லை என்றால் கல்விக் கடன் விண்ணப்பத்திலேயே கேட்டுப் பாருங்கள். பாரத ஸ்டேட் வங்கியின் கல்விக் கடனில் 50,000 ரூபாய் வரை இருசக்கர வாகனச் செலவைச் சேர்க்க இடம் உண்டு.

14. சென்னையில் சீட் கிடைச்சிருக்கு. ஊருக்கு வந்து போக எப்படி டிக்கெட் எடுக்கணும்?

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகக் காலை எட்டு மணிக்குத் திறக்கும். டிசம்பர் 24 ராத்திரி சென்னையில் ஏறிக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர வேண்டுமானால் அக்டோபர் 25 காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை தீபாவளி, பொங்கலோடு கிறிஸ்துமஸ் நெரிசலும் சமமாக இருக்கும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சில நிமிடங்களில் ஸ்லீப்பர் தீர்ந்துவிடும். தவறினால் தட்கல், முந்தைய நாள் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினோரு மணி. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்கக் கணக்கோடு ஆதார் இணைத்திருக்க வேண்டும். இதை அந்தக் காலை நேரத்தில் செய்ய முடியாது, முன்பே முடித்து வையுங்கள்.

சொந்த ஊருக்கு வரும் மாணவருக்கு ஸ்லீப்பரில் பாதிச் சலுகை உண்டு. படிவமும் வயது வரம்பும் ஏழாம் கேள்வியில் சொன்னதுபோலத்தான், கவுண்டரில்தான் எடுக்க வேண்டும். தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்பாஸ்ட் கட்டணமும் முழுதாகவே வாங்குவார்கள்.

நாகர்கோவில் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கியது, பயண நேரம் ஒன்பது மணி நேரத்துக்குள். ஆனால் பிற்பகல் நாகர்கோவிலில் புறப்பட்டு ராத்திரி பதினொன்று வாக்கில் எழும்பூர் சேரும்போது மெட்ரோவின் கடைசி ரயில் கைநழுவிப் போகலாம். ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கிண்டிக்கோ சேப்பாக்கத்துக்கோ காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேருங்கள்.

15. ஊர் பைக்கைத் திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்கு முதலில் இங்கே நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே வரியும் கட்ட வேண்டும். இரண்டு வருட முதுகலைக்கு இந்த அலைச்சல் கட்டுபடியாகுமா என்று யோசியுங்கள். பழைய ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் கட்டுபடியாகாது.

ரயிலில் அனுப்ப ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். பெட்ரோல் டேங்கைச் சொட்டு இல்லாமல் காலி செய்யுங்கள், பெட்ரோல் இருந்தால் வாங்க மாட்டார்கள். கண்ணாடிகளைக் கழற்றி, ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் அட்டை வைத்துச் சாக்கால் கட்டுங்கள். வண்டியின் மேல் பெயர், போன் எண், போய்ச் சேரும் ஸ்டேஷன் மூன்றும் அழியாத மையில் இருக்கட்டும். நீங்கள் போகும் அதே ரயிலில் போக வேண்டும் என்றால் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியுங்கள். பார்சலாகப் பதிந்தால் பின்னால் ஒரு நாள் வரலாம். போய்ச் சேர்ந்த பிறகு எடுக்காமல் விட்டால் நேரத்துக்கு ஏற்பக் காவல் கட்டணம் ஏறும்.

16. மழை, ஹர்த்தால்னு வந்தா பரீட்சைக்கு எப்படிப் போறது?

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. 2021 நவம்பரில் நாகர்கோவில் திருவனந்தபுரம் தடத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ரயிலும் ரோடும் சேர்ந்தே துண்டிக்கப்பட்டன. நவம்பர், டிசம்பர்தான் செமஸ்டர் தேர்வு மாதங்கள் என்பதால், தேர்வு நாட்களுக்கு மட்டுமாவது அந்த ஊரில் தங்க ஒரு இடத்தைச் செப்டம்பரிலேயே பேசி வையுங்கள். ஹாஸ்டலில் இருக்கும் வகுப்புத் தோழரின் அறையில் விருந்தினராகத் தங்க அனுமதி உண்டா என்று வார்டனிடம் முன்பே கேட்கலாம்.

கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பஸ்கள் களியக்காவிளையோடு நின்றுவிடும், ரயில் ஓடும். ஆனால் ஸ்டேஷனில் இறங்கிய பின் காரியவட்டத்துக்கு வண்டி கிடைக்காது. அன்று தேர்வு ஒத்திவைக்கப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக அறிவிப்பில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இன்னொன்று: கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை ஆகியவற்றுக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அது நெல்லைக்கும் திருவனந்தபுரத்துக்கும் பொருந்தாது, அங்கே வருகைப் பதிவு எடுப்பார்கள்.

17. லேப் முடிய ஏழு மணி ஆகுதாம். மகளைத் தினமும் அனுப்பப் பயமா இருக்கு.

பயத்தோடு சேர்த்து இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏழு மணி என்பது தினமுமா, வாரம் ஒருநாளா? ஒருநாள் என்றால் அன்று மட்டும் தங்க ஏற்பாடு செய்து மற்ற நாள் வந்து போகலாம். தினமும் என்றால் ஹாஸ்டல்தான், இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. படிப்பை விடச் சொல்வதற்கு இது காரணமே அல்ல.

ரயிலில் பெண்கள் பெட்டி எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்து அங்கே நிற்கட்டும். ரயில் உதவிக்கு 139, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112. ஊர் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் யார் அழைத்துவருவது என்பதை, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரையும் சேர்த்து, இரண்டு பேராக முடிவு செய்து வையுங்கள். ஒருவரை மட்டும் நம்பினால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் திட்டம் கவிழ்ந்துவிடும்.

18. மாற்றுத்திறனாளி மாணவருக்கு என்ன வசதி?

சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும், தேவைப்பட்டால் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. இதில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ரயிலில் குறிப்பிட்ட வகைக் குறைபாடுகளுக்குச் சலுகை உண்டு. அதற்கான ரயில்வே அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, சேர்க்கைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். தனிப் பெட்டி பெரும்பாலும் ரயிலின் கோடியில் இருக்கும். அங்கிருந்து வெளியே வர எந்த நடைமேடையில் சாய்தளமோ லிப்டோ இருக்கிறது என்று இரு முனையிலும் நேரில் பார்த்துவிட்டுத்தான் ரயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

19. வெளிநாட்டுல எம்.எஸ். படிக்கப் போறேன். இங்க லைசென்ஸ் எடுக்கறதுல பிரயோஜனம் உண்டா?

உண்டு. இந்திய லைசென்ஸ் இருந்தால் இங்கே ஆர்.டி.ஓ.வில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். அதற்காகப் போனதும் கார் வாங்கத் திட்டமிட வேண்டாம். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே பஸ், ரயில் பயணச் சீட்டு அடங்கிவிடும். அங்கே குடியேறிய பின் நம் லைசென்ஸ் ஆறு மாதம்தான் செல்லும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல்கலைக்கழகத்தின் ஷட்டில் பஸ் எந்தத் தெருக்கள் வரை வருகிறது என்று பார்த்து, அந்தத் தெருக்களுக்குள் வீடு தேடுங்கள்.

20. பிஎச்.டி.க்கு வாரம் மூணு நாள் போனா போதும். அப்பவும் சீசன் லாபமா?

லாபம்தான். மாதச் சீசனின் விலை சுமார் 15 ஒற்றைப் பயணக் கட்டணத்துக்குச் சமம். மாதத்தில் எட்டு நாள் போய்வந்தாலே 16 ஒற்றைப் பயணம் ஆகிவிடுகிறது. வாரம் மூன்று நாள் என்றால் மாதம் பன்னிரண்டு நாளுக்குக் குறையாது, ஆகவே முழுக் கட்டணச் சீசன் கூட மிச்சம் தரும். 25 வயதுக்கு உட்பட்டவருக்குச் சலுகைப் படிவம் கிடைத்தால் நான்கு நாள் போய்வந்தாலே போட்ட பணம் வந்துவிடும்.

விதிவிலக்கு இரண்டு. கோர்ஸ் ஒர்க் முடிந்து மாதம் ஐந்தாறு நாள்தான் போகிறீர்கள் என்றால், முழுக் கட்டணக்காரருக்குத் தனி டிக்கெட்டே போதும். நீங்கள் பிடிக்க வேண்டிய சாயங்கால ரயில் சூப்பர்பாஸ்டாக இருந்தால், அதற்கான கூடுதல் கட்டணத்தையும் சீசனோடு சேர்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் முதல் சந்திப்பிலேயே எந்த மூன்று நாட்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த மூன்று நாட்களாகக் கிடைத்தால், இரண்டு ராத்திரி அங்கே தங்கி வாரத்துக்கு ஒரே தடவை போய்வந்தால் போதும். அப்போது சீசனே தேவைப்படாது.